மூணு குழி, மூணு மரம்: மலைவீட்டுத் தோட்டத்துக்குப் பழமரம் தேர்ந்தெடுப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல டெக், வேலை, சம்பளம், அப்ரைசல்னு பேசிட்டு இருப்போம். இன்னிக்கு மரம். சிரிக்காதீங்க. நம்ம வயசுல ஒரு வேலை 2 வருஷம், ஒரு போன் 3 வருஷம், வாடகை வீடு 11 மாச அக்ரிமென்ட். ஒரு பேரிக்காய் மரம் 50 வருஷம். இவ்வளவு நீளமான ஒரு முடிவை நான் இதுக்கு முன்னாடி எடுத்ததே இல்ல. அதனாலதான் இதைப் பத்திப் பேசணும்னு தோணுச்சு.

விஷயம் இதுதான். எங்க அப்பா ரிட்டையர் ஆனதும் அம்மாவும் அவரும் கோத்தகிரி பக்கம் குடிபோயிட்டாங்க. சின்ன வீடு, பின்னாடி சரிவுல கொஞ்சம் நிலம். கேரட், பீன்ஸ் பாத்தி எல்லாம் போக, மூணு மரத்துக்குத்தான் இடம். அப்பா முதல் நாளே சொல்லிட்டாரு: "ஆப்பிள் வெக்கலாம்டா." அம்மா சொன்னாங்க: "எதை வேணா வைங்க, கரடி வந்தா நான் ஓட்ட மாட்டேன்."

உங்கள்ல பல பேருக்கு ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு பக்கம் வீடோ சொந்தமோ இருக்கும். இல்லன்னா "ஒருநாள் மலையில போய் செட்டில் ஆயிடணும்"னு ஒரு கனவாவது இருக்கும். அந்தக் கனவுல கண்டிப்பா ஒரு ஆப்பிள் மரம் நிக்கும். அங்க இருந்தே ஆரம்பிப்போம்.

குளிரா இருந்தா ஆப்பிள் வந்துடுமா?

ஊட்டியும் ஷிம்லாவும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ரெண்டுமே கடல் மட்டத்துல இருந்து சுமார் 2200 மீட்டர். ஷிம்லா பக்கம் மலை மலையா ஆப்பிள் தோட்டம். ஊட்டியில டீயும் கேரட்டும். ஏன்?

ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச் எல்லாம் இலையுதிர் மரங்கள். குளிர்காலத்துக்கு முன்னாடி இலையைக் கொட்டிட்டுத் தூங்கப் போயிடும். தூங்குறப்போ அந்த மொட்டுகள் ஒரு கணக்கு வெச்சுக்கும்: இவ்வளவு நேரம் குளிர் பட்டிருக்கு, இன்னும் இவ்வளவு பாக்கி இருக்குன்னு. கணக்கு முடியற வரைக்கும், நடுவுல ரெண்டு நாள் வெயில் அடிச்சாலும் எழுந்திருக்காது. எழுந்து பூத்துட்டா அடுத்த வாரமே பனி வந்து பூவைக் கருக்கிடுமே! அதுக்கான பாதுகாப்பு இது.

இந்தக் கணக்குக்குப் பேரு குளிர் மணிநேரம். பழைய முறைப்படி, 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழ எத்தனை மணி நேரம் இருந்துச்சுன்னு எண்ணுவாங்க. 7.2 என்ன விசித்திரமான எண்ணுன்னு நானும் யோசிச்சேன். ஃபாரன்ஹீட்ல அது 45, அவ்வளவுதான். காஷ்மீர், இமாச்சல்ல விளையற டெலிஷியஸ் வகை ஆப்பிளுக்குச் சுமார் 1000 மணி நேரம் வேணும்.

ஊட்டியில ஜனவரி ராத்திரி 5, 6 டிகிரிக்கு இறங்கும். பள்ளமான இடத்துல உறைபனியே பிடிக்கும், புல்வெளி எல்லாம் வெள்ளையா இருக்கும், அந்த போட்டோ வருஷா வருஷம் பேப்பர்ல வரும். ஆனா அதே நாள் மத்தியானம் 20 டிகிரி. ஷிம்லாவில ஜனவரி மத்தியானமே 10 டிகிரி பக்கம்தான். பூமத்தியரேகைக்குக் கிட்ட இருக்குற மலைகளோட குணம் இது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இருக்குற வித்தியாசத்தை விட, பகலுக்கும் ராத்திரிக்கும் இருக்குற வித்தியாசம் பெருசு.

அந்தப் பகல் வெயில் சும்மா போறதில்ல, ராத்திரி சேர்த்ததைக் கரைச்சிடுது. 1974இல் அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல ஒரு கணக்கு முறை கொண்டு வந்தாங்க. அதுல 16 டிகிரியைத் தாண்டினா, சேர்ந்த குளிர்ல இருந்து கழிக்கணும். அப்புறம் 1980கள்ல, குளிர்காலமே மிதமா இருக்குற இஸ்ரேல்ல, இன்னும் நுணுக்கமான ஒரு முறையை உருவாக்கினாங்க. டேட்டாபேஸ்ல வேலை செய்யறவங்களுக்கு இது உடனே புரியும். குளிர் பட்டா மொட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு சேருது, ஆனா அது இன்னும் கமிட் ஆகல. வெயில் அடிச்சா ரோல்பேக். ஒரு குறிப்பிட்ட அளவு சேர்ந்துட்டா மட்டும் கமிட் ஆகும், அதுக்கு மேல எந்த வெயிலும் அதை அழிக்க முடியாது. நம்ம மலையில நடக்கறது என்னன்னா, ராத்திரி எல்லாம் எழுதி, மத்தியானம் பாதியை ரோல்பேக் பண்றது.

குளிர் பத்தாத மரம் செத்துடாது. அதான் இதுல ஏமாத்தம். நல்லாத்தான் நிக்கும். ஆனா இலை விட லேட் ஆகும், கிளை நீளத்துக்கும் மொட்டையா இருக்கும், நுனியில மட்டும் கொத்தா இலை வரும், பூ ஒரே நேரத்துல பூக்காம ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு ரெண்டா பூக்கும். காய்? அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு பத்து வருஷம் ஓடிடும்.

மரம் மாறாது, ரகம் மாறும்

அப்போ ஆப்பிளை விட்டுடணுமா? தேவையில்ல. குறைந்த குளிர் போதும்னு சொல்ற ரகங்கள் இருக்கு. அன்னான்னு ஒரு ஆப்பிள், இஸ்ரேல்ல உருவாக்கினது. டார்செட் கோல்டன் இன்னொண்ணு, அது கரீபியன் பக்கம் பஹாமாஸ்ல கண்டுபிடிச்சது. பஹாமாஸ் போட்டோவை ஒருதடவை தேடிப் பாருங்க, அது ஆப்பிள் விளையற ஊர் மாதிரியா இருக்கு? ரெண்டுக்கும் 200, 300 மணி நேரம் இருந்தாலே போதும். நம்ம நாட்டுல இமாச்சலோட பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா, எச்ஆர்எம்என்-99னு ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்துப் பரப்பினாரு. சமவெளியிலயே வளருது. 2025இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நம்ம கொடைக்கானல்ல இருக்குற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் கேகேஎல் 1னு ஒரு ஆப்பிளை வெளியிட்டிருக்கு. அது பார்லின்ஸ் பியூட்டிங்கிற ரகத்துல இருந்து தேர்ந்தெடுத்தது.

இன்னொரு வழியும் இருக்கு. இந்தோனேசியாவில, கிழக்கு ஜாவாவோட பத்து, மலாங் மலைப்பகுதி பூமத்தியரேகைக்குத் தெற்கே 8 டிகிரியில இருக்கு. அங்க விவசாயிங்க மரத்தைத் தூங்கவே விடறதில்ல. அறுவடை முடிஞ்சு சில வாரத்துல எல்லா இலையையும் கையாலேயே உருவி எடுத்துடறாங்க. மரம் மறுபடி மொட்டு விட்டுப் பூக்குது. வருஷத்துக்கு ரெண்டு அறுவடை. கேக்கறதுக்கு சூப்பர். ஆனா ஒவ்வொரு மரத்துலயும் ஒவ்வொரு இலையையும் உருவணும். 62 வயசு அப்பாகிட்ட இதை நான் சொல்லவே இல்ல.

ஆப்பிளைத் தள்ளி வெச்சுட்டுப் பாத்தா, நம்ம மலைக்கு ஏற்கெனவே பழகின மரங்கள் நிறைய இருக்கு.

முதல்ல பேரி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய வீடுகளைப் பாருங்க, ஓரத்துல ஒரு பேரி மரம் நிக்கும். கீஃபர்னு ஒரு ரகம் ஆசியப் பேரியும் ஐரோப்பியப் பேரியும் கலந்தது. கொஞ்சம் கெட்டி, கடிச்சா நறநறன்னு இருக்கும், உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுச் சாப்பிட அதுதான் சரி. பேரிகள்ல கம்மிக் குளிர்லயும் ஒழுங்கா காய்க்கற, கஷ்டம் தராத ரகம்.

அடுத்தது பிளம்ஸ். மே மாசம் ஊட்டிக்குப் போனவங்க ரோட்டோரத்துல கூறு போட்டு வித்த சிவப்புப் பழத்தைப் பாத்திருப்பீங்க. ஜப்பான் பிளம்ஸ் வகைகளுக்குக் குளிர் கம்மியா இருந்தாலே போதும்.

மூணாவது பீச். ஃபுளோரிடாவில உருவாக்கின ஃபுளோர்டா பிரின்ஸ் மாதிரி ரகங்களுக்கு 150 மணி நேரம் போதும். சீக்கிரம் காய்க்கும், தனி மரமாவே காய்க்கும். ஆனா வேர்ல தண்ணி நின்னா தாங்காது, ஈரமான குளிர்ல இலை சுருட்டை நோய் வரும், மழை சேர்ந்துட்டா பழ ஈ வரும். ஆயுளும் கம்மி.

அப்புறம் இலை கொட்டாத மரங்கள். இவங்களுக்குக் குளிர் மணிநேரக் கணக்கே கிடையாது. ஆனா கவலை நேரெதிர்: உறைபனி பட்டா கருகிடும். பட்டர் ஃப்ரூட்தான் இதுல ஹீரோ. கொடைக்கானல் கீழ்மலையில, தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து டிகேடி 1னு நம்ம ஊர் ரகமே வந்திருக்கு. மரத்தக்காளி ரெண்டே வருஷத்துல காய்க்கும். லோக்காட் இருக்கு. ஆக, உங்க நிலத்துல உறைபனி பிடிக்குமா, பிடிக்காதா? பழத்தைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் வேணும்.

குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி. கனமானது, சரிவுல கீழ வழிஞ்சு போய்ப் பள்ளத்துல தேங்கும். நடுவுல மதில் கட்டியிருந்தா அங்கேயே அணை மாதிரி நிக்கும். அதனால ஒரே ஊர்ல, ஒரே தோட்டத்துலகூட மேல்முனையும் கீழ்முனையும் வேற வேற. ரெண்டு சின்ன வெப்பநிலை சென்சாரை மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வெச்சு, நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பதிவு பண்ணினேன். மொத்தச் செலவு ஒரு பீட்சாவுக்கு மேல போகாது. விடியற்காலையில கீழ்முனைதான் எப்பவும் அதிகக் குளிர். அதனால இலையுதிர் மரம் எதுவா இருந்தாலும் கீழ, பட்டர் ஃப்ரூட் வெச்சா மேலன்னு முடிவாயிடுச்சு. ஒரு குளிர்காலம் காத்திருந்து அளந்துட்டு நடுங்க. 50 வருஷ மரத்துக்கு நாலு மாசம் பெரிய விஷயமே இல்ல.

தனி மரம் காய்க்காது

இப்போ கம்ப்யூட்டர் ஆட்களுக்குப் பிடிச்ச விஷயம்: டிபெண்டென்சி.

ஆப்பிள் பூ தன்னோட மகரந்தத்தை ஏத்துக்காது. வேற ரக ஆப்பிளோட மகரந்தம் வேணும். அதே ரகத்துல பத்து மரம் வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா ஒட்டுச்செடி எல்லாம் ஒரே தாய் மரத்தோட நகல். அன்னாவுக்கு ஜோடி டார்செட் கோல்டன். ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கும், அதான் முக்கியம். ஜப்பான் பிளம்ஸ்லயும் பல ரகங்களுக்கு இதே கதை. பஞ்சாப்ல சட்லெஜ் பர்ப்பிள் பிளம்ஸ் வெக்கிறவங்க நடுவுல காலா அமிர்தசரியும் சேர்த்து வெப்பாங்க, இல்லன்னா காய் பிடிக்காது. கீஃபர் பேரி தனியாவும் ஓரளவு காய்க்கும், துணை இருந்தா நல்லா காய்க்கும். பட்டர் ஃப்ரூட்டோ ஒரு தனி டிராமா. ஒரே பூ ஒருநாள் பெண்ணா திறக்கும், மூடி, அடுத்த தடவை ஆணா திறக்கும். ஏ வகை காலையில பெண், பி வகை மத்தியானம் பெண். ரெண்டு வகையும் பக்கத்துல இருந்தா மகசூல் கூடும்.

மூணு குழிதான் இருக்குன்னா இது பெரிய சிக்கல். ஒரு ஆப்பிளுக்கு ரெண்டு குழி போயிடுமே?

இதுக்கு மூணு வழி. ஒண்ணு, ஒரே குழியில ரெண்டு கன்று, ஒன்றரை அடி இடைவெளி விட்டு வெளிப்பக்கமா சாய்ச்சு நடறது. வருஷா வருஷம் கவாத்து பண்ணிக் குள்ளமா வெச்சா ரெண்டும் சேர்ந்து ஒரே மரம் மாதிரி நிக்கும். ரெண்டு, ஒரே மரத்துல வேற ரகத்தோட குச்சியை ஒட்டுக் கட்டறது. மூணு, பக்கத்து வீட்டு மரம். தேனீக்கு வேலி கிடையாது.

எங்களுக்கு மூணாவது வழி கையிலயே இருந்துச்சு. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட பழைய பிளம்ஸ் மரம் ஒண்ணு இருக்கு, எங்க வேலியில இருந்து 15 அடிதான். ஆனா அவரு அந்த இடத்துல காட்டேஜ் கட்டலாமான்னு யோசிச்சுட்டு இருக்காரு. நீலகிரியில இது சாதாரணம், ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு பழமரம் கார் பார்க்கிங் ஆகுது. அவரு மரத்தை வெட்டினா எங்க மரமும் காய்க்காது. நம்ம சர்வர் அடுத்தவர் வீட்டு கரண்ட்ல ஓடற மாதிரி. "தம்பி, என் மரம் உங்க மரத்துக்குப் புருஷனா?"ன்னு கேட்டுச் சிரிச்சாரு. அப்புறம் அவரே சொன்னாரு: "ஜனவரியில இலை கொட்டி நிக்கறப்போ வா, நாலு குச்சி வெட்டித் தர்றேன், உங்க மரத்துலயே கட்டிக்க." மரம் தூங்கறப்போ எடுத்த பென்சில் தடிமன் குச்சிதான் ஒட்டுக்குச் சரி. அவரு மரம் போனாலும் அதோட ஒரு கிளை எங்க வீட்டுல இருக்கும்.

மழை எப்போ வரும்?

குளிர் பாத்தாச்சு, ஜோடி பாத்தாச்சு. அடுத்தது காலண்டர்.

நீலகிரியில மழை ரெண்டு பக்கமும் வரும். கூடலூர், ஊட்டி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெருசு. கொடைக்கானலுக்கும் வடகிழக்குதான் முக்கியம். பழம் பழுக்கற நேரத்துல மழை அடிச்சா வெடிக்கும், அழுகும், பூச்சி வரும், ருசியும் தண்ணியாயிடும். பூக்கற நேரத்துல மழை அடிச்சா தேனீ வராது.

பீச்சும் பிளம்ஸும் ஜனவரி, பிப்ரவரியில பூத்து, கோடையில, தென்மேற்கு மழைக்கு முன்னாடி பழுத்துடும். அந்த ஜன்னல் கச்சிதம். பேரி ஜூலைக்கு மேல வரும். ஆனா பேரியைக் காயாவே பறிச்சு வீட்டுக்குள்ள பழுக்க வெக்கலாம், அதனால மழையில மாட்டாது. உங்க ஊருக்கு எந்த மழை பெருசுன்னு பாத்துட்டு, அதுக்கு முன்னாடி பறிக்கக் கூடிய ரகமா எடுங்க. ஆன்லைன்ல விக்கிறவங்க "அருமையான ருசி"ன்னு போடுவாங்க. உங்க ஊர்ல எந்த மாசம் பழுக்கும்னு போட மாட்டாங்க. அதைக் கேட்டு வாங்குங்க.

கன்று வாங்கும்போது

விதை போட்டு ஆப்பிள் வளர்க்காதீங்க. நீங்க சாப்பிட்ட பழத்தோட மரம் வராது, வேற ஏதோ வரும், அதுவும் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகலாம். ஒட்டுச்செடியே வாங்குங்க. தண்டோட அடியில ஒரு முடிச்சு, ஒரு சின்ன வளைவு தெரியும், அதான் ஒட்டுக் கட்டின இடம். நடறப்போ அது மண்ணுக்கு மேல இருக்கணும். மண்ணுக்குள்ள போயிட்டா மேல் ரகமே வேர் விட்டுடும், அப்புறம் குள்ளமா இருக்கட்டும்னு தேர்ந்தெடுத்த வேர்ச்செடிக்கு அர்த்தமில்ல.

வேர்ச்செடி எதுன்னும் கேளுங்க. ஆப்பிள்ல எம்9 ரொம்பக் குள்ளம், வாழ்நாள் முழுக்க முட்டுக் கொடுக்கணும். எம்எம்106 நடுத்தரம், ஆனா ஈர மண்ணுல அடித்தண்டு அழுகும். தண்ணி வடியற சரிவா இருந்தாத்தான் அது சரிப்படும்.

குழி ரெண்டடிக்கு ரெண்டடி, ஆழமும் ரெண்டடி. மரத்துக்கு மரம் 4, 5 மீட்டர். நம்ம மலையில ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நடலாம்னு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுது. நீலகிரி மண்ணு பெரும்பாலும் புளிப்பு, அதனால முதல்ல மண் பரிசோதனை, தேவைப்பட்டா சுண்ணாம்பு. கன்று வாங்கறதுக்கு முன்னாடி குன்னூர்ல சிம்ஸ் பூங்காவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. 1874ல ஆரம்பிச்ச பூங்கா, மே மாசம் பழக் கண்காட்சி அங்கதான் நடக்கும். பக்கத்துலயே தோட்டக்கலைத் துறையோட பழவியல் நிலையம். இந்த மலையில எது உண்மையாவே காய்க்குதுன்னு கேக்க அதை விட நல்ல இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

வேலிக்கு வெளிய

இப்போ அம்மாவோட கரடி.

இது ஜோக் இல்ல. கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியிருப்புக்குள்ள கரடி வர்றது அடிக்கடி செய்தியில வருது. காட்டுமாடு தேயிலைத் தோட்டத்துக்குள்ள சர்வசாதாரணமா நடக்கும். குரங்கைப் பத்திச் சொல்லவே வேண்டாம். பழுத்து விழுந்த பழத்தை மரத்தடியிலேயே விட்டா, ராத்திரி விருந்தாளியை நாமளே கூப்பிடறோம். அடிபடறது மனுஷனாவும் இருக்கலாம், கரடியாவும் இருக்கலாம். அதனால எங்க விதி: கதவுக்குப் பக்கத்துல மரம் கிடையாது, ராத்திரி நடக்கற பாதையோரத்துலயும் கிடையாது. கையெட்டற உயரத்துலயே கவாத்து, காயாவே பறிக்கறது, விழுந்ததை அன்னிக்கே பொறுக்கறது. இந்தக் கணக்குலயும் பேரிக்கு ஒரு மார்க் கூடுது. காயா பறிச்சுடலாம்.

இன்னொரு பக்கமும் யோசிக்கணும். நம்ம மரம் வேலியைத் தாண்டி வெளிய என்ன செய்யும்? நீலகிரி இதுக்கு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கு. வெளியில இருந்து கொண்டு வந்து நட்ட சீகை மரம் புல்வெளியை எல்லாம் விழுங்கிடுச்சு. வாழைப்பழம் மாதிரி நீளமா காய்க்கற ஒரு பேஷன் ஃப்ரூட் கொடி, தென் அமெரிக்காவில இருந்து வந்தது, சோலைக்காட்டு மரங்கள் மேல ஏறி மூடுது. பறவை தின்னு விதையைக் கொண்டு போற பழம் எதுவா இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும். ஸ்ட்ராபெரி கொய்யா பல தீவுகள்ல காட்டையே பிடிச்சு வெச்சிருக்கு, அதை நான் லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டேன்.

நம்ம மலையிலயே பிறந்த பழம் ஒண்ணு இருக்கு: தவிட்டுப்பழம். இடுப்பளவு, ஆளுயரப் புதர், ரோஸ் கலர் பூ, ஊதாக் கலர்ல சின்னப் பழம். புல்வெளி ஓரங்கள்ல தானாவே வளரும். வேடிக்கை என்னன்னா, இதே செடி ஃபுளோரிடாவுலயும் ஹவாயிலயும் ஆக்கிரமிப்புச் செடி, அங்க இதை அழிக்கப் பாடுபடறாங்க. எந்தச் செடியும் கெட்டது இல்ல, இடம்தான் கணக்கு. எங்க வேலியோரம் முழுக்க தவிட்டுப்பழம்தான். அதுக்குக் குழிக் கணக்கு கிடையாது.

அப்போ எந்த மூணு?

இவ்வளவையும் நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு, ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு, அப்பாகிட்ட காட்டினேன். பேரி முதலிடம், பிளம்ஸ் ரெண்டாவது, பட்டர் ஃப்ரூட் மூணாவது. ஆப்பிள் கடைசியில. அவரு கண்ணாடியைப் போட்டுப் பொறுமையா பாத்தாரு. பாத்துட்டு, "இதுல வருஷம் எங்கடா?"ன்னு கேட்டாரு.

எந்த வருஷம்னு எனக்குப் புரியல.

"தென்னை வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வெச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்லுவாங்க. எனக்கு 62. எது தென்னை, எது பனைன்னு இதுல போடு."

நல்ல கேள்வி. எந்த இணையதளத்துலயும் அந்தக் காலம் முதல்ல வர்றதில்ல. சேர்த்தேன். பீச் முதல் காய்க்கு 2, 3 வருஷம். பிளம்ஸ் 3, 4. ஒட்டுக் கட்டின ஆப்பிளும் பட்டர் ஃப்ரூட்டும் கிட்டத்தட்ட அதே. பேரி 5, 6 வருஷம், முழுசா காய்க்க இன்னும் மேல. நான் முதலிடம் கொடுத்த மரம்தான் அவருக்குப் பனை.

இன்னொரு வருஷக் கணக்கும் இருக்கு. பூமி சூடாகுது, அதுவும் ராத்திரிகள் சூடாகுது. அதாவது, மொட்டு எண்ணிட்டு இருக்குற அந்தக் குளிர் மணிநேரம் குறையுது. இமாச்சல்லயே ஆப்பிள் தோட்டங்கள் இன்னும் உயரமான இடங்களுக்கு நகருது. இன்னிக்கு "சரியா பத்தும்"னு இருக்குற ரகம் 20 வருஷத்துல பத்தாம போகலாம். அதனால இன்னிக்கு நடறவங்க, தேவையான அளவை விட நல்லாவே கம்மியா குளிர் கேக்கற ரகத்தை எடுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியில முடிவு இப்படி வந்துச்சு. முதல் குழியில பிளம்ஸ், பக்கத்து வீட்டு அண்ணன் மரத்துக் குச்சியோட. அது அப்பாவோட தென்னை. ரெண்டாவதுல பேரி. அது என் கணக்கு, அவரே சொன்னாரு: "அதை நீ தின்னு."

மூணாவது குழிக்கு மார்க் படி பட்டர் ஃப்ரூட் வரணும். அங்க அன்னாவும் டார்செட் கோல்டனும் வருது, ஒரே குழியில ரெண்டு கன்றா. நல்லா காய்க்குமா? எங்க உயரத்துல நிச்சயம்னு சொல்ல மாட்டேன். டேட்டா பாத்தா அது சூதாட்டம். ஆனா மூணுல ரெண்டை அறிவுக்குக் கொடுத்தாச்சு, ஒண்ணை ஆசைக்குக் கொடுக்கலாமே! காலைல எழுந்து போய் அந்த மரத்தைப் பாக்கப் போறது அவருதான். ஒரு மரம் காய்க்கறதுக்கு முன்னாடி ஆயிரம் நாள் யாராவது அதைப் போய்ப் பாக்கணும், தண்ணி ஊத்தணும், பூச்சி எடுக்கணும். ஆசைப்பட்டு வெச்ச மரத்தைத்தான் மனுஷன் அப்படிப் பாப்பான். ஸ்ப்ரெட்ஷீட்ல அந்த காலத்துக்கு நான் மார்க்கே வெச்சிருக்கல, அப்பாதான் வெச்சாரு.

நீங்களும் இப்படி மலையில மரம் வெக்கப் போறீங்கன்னா, இந்த வரிசையில கேளுங்க. என் நிலத்துல உறைபனி பிடிக்குமா? குளிர்காலப் பகல் எவ்வளவு சூடு? இந்த ரகத்துக்கு எவ்வளவு குளிர் வேணும்? ஜோடி வேணுமா, அந்த ஜோடி யாரோட நிலத்துல நிக்குது? எந்த மழைக்கு முன்னாடி பழுக்கும்? வேலிக்கு வெளிய என்ன செய்யும்? கடைசியா, ஆனா முதல்ல கேக்க வேண்டியது: இதை யாரு சாப்பிடப் போறா?

உங்க வீட்டுலயோ பாட்டி வீட்டுலயோ மலையில ஒரு பழமரம் இருந்தா, அது என்ன மரம், யாரு வெச்சதுன்னு ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடுறோம். அடுத்த வாரம் மறுபடியும் நம்ம அப்ரைசல் கதைக்குத் திரும்பலாம். அதுவரைக்கும், பை பை!